துளிர்க்காத குருத்து

இலங்கையில் உயிரியல் படித்தவர்களுக்கு அதன் பெயர் கசியிழையம். தமிழ்நாட்டில் படித்தவர்களுக்குக் குருத்தெலும்பு. முதற்பெயர் பரீட்சைத் தாளோடு நின்றுவிட்டது. இரண்டாவதுதான் இன்று பரவலாக வழங்குகிறது. அழகான பெயர். கருவிலிருக்கும் குழந்தையின் கைகால் எலும்புகள் முதலில் குருத்தெலும்பாக உருவாகிப் பின்னரே எலும்பாக மாறுகின்றன என்பதால் பொருத்தமான பெயரும்கூட. ஆனால் குருத்து என்றதும் இனித் துளிர்க்கப்போகும் ஒன்றை மனம் நினைத்துக்கொள்கிறது. வளர்ந்தவர்களின் மூட்டிலுள்ள குருத்தெலும்பு துளிர்ப்பதில்லை. பனைக்கு ஒரே ஒரு குருத்து. அது அறுந்தால் பக்கத்தில் இன்னொன்று முளைக்காது. ஷெல் விழுந்து தலைபோன பனைகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. முழங்காலில் இருப்பது அந்த வகைக் குருத்து.

இதை எழுதக் காரணம் ஒரு துண்டுப்பிரசுரம். தமிழ்க்கடை ஒன்றில் மரக்கறிப் பையோடு சேர்த்துக் கொடுத்தது. உங்கள் சொந்த ஸ்டெம் செல்களைக் கொண்டு தேய்ந்த மூட்டை மீண்டும் வளர்க்கிறோம் என்று அதில் இருந்தது. 72 வயதான என் பெரியம்மா, பிள்ளைகளிடம் சொல்லாமல், சீட்டு எடுத்த காசில் இரண்டு முழங்காலுக்கும் ஊசி போட்டுக்கொண்டார். 9,000 டொலர். ஏழு மாதம் கழிந்தும் கோயிலில் அவர் கதிரையில்தான் இருக்கிறார். "படிச்ச ஆக்கள்தானே தம்பி, பொய் சொல்லுவினமோ?" என்று என்னைக் கேட்டார். ஆமென்றோ இல்லையென்றோ ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியவில்லை. அந்தத் தாளிலிருந்த ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் உண்மையான ஆய்வு வரலாறு ஒன்று இருக்கிறது. சொற்களைக் கோத்த விதத்தில்தான் பிழை இருந்தது.

1743-ல் வில்லியம் ஹன்டர் என்ற ஸ்கொட்லாந்து உடற்கூற்றியலாளர், தமது 25 வயதில், மூட்டுக் குருத்தெலும்பின் அமைப்பையும் நோய்களையும் பற்றி லண்டன் றோயல் சொசைற்றியின் ஏட்டில் ஒரு கட்டுரை எழுதினார். புண்பட்ட குருத்தெலும்பு மிகவும் தொல்லை தருவது, ஒருமுறை அழிந்தால் திரும்ப வருவதில்லை என்பது ஹிப்போகிரற்றீஸ் காலந்தொட்டு எல்லாரும் ஒப்புக்கொண்ட உண்மை என்று அதில் சொன்னார். இருநூற்றைம்பது ஆண்டுகளாக இந்தத் துறையில் எழுதப்பட்ட கட்டுரைகளில் பாதியாவது இந்தக் கூற்றோடுதான் தொடங்கியிருக்கும்.

ஏன் திரும்ப வருவதில்லை? முழங்காலில் அது சில மில்லிமீற்றர் தடிப்பான வெண்மையான பூச்சு. நிறையில் பெரும்பகுதி நீர். அந்த நீரைப் பிடித்துவைத்திருப்பவை கொலாஜன் என்ற நார்ப்புரதமும், அதனிடையே சிக்கியிருக்கும் சர்க்கரைப் புரதங்களும். இவற்றை உண்டாக்கும் கலங்கள் மொத்தக் கனவளவில் சில சதவீதமே. அவை ஒவ்வொன்றும் தன் குழிக்குள் அடைபட்டு, அயலாரைத் தொடாமல் வாழ்கின்றன. இரத்தக் குழாய் இல்லை. ஆகவே காயம் பட்டால் பழுதுபார்க்க ஆள் வருவதில்லை. நரம்பும் இல்லை; ஆகவே தேயத் தொடங்கும்போது நமக்குத் தெரிவதில்லை. வலி என்று உணரும்போது நோவது சுற்றியுள்ள சவ்வும் அடியிலுள்ள எலும்பும்.

எலும்பின் கதை இதற்கு நேர்மாறு. முறிந்த எலும்பை நேராக்கி அசையாமல் வைத்தால் அது தானே பொருந்தும். தழும்புகூட இல்லாமல் பழைய எலும்பாகவே ஆகும். நம் ஊர்களில் முறிவு நெரிவு வைத்தியர்களும், ஆந்திர எல்லையில் புத்தூர்க் கட்டுக் கட்டுபவர்களும் தலைமுறை தலைமுறையாகப் பேர் எடுத்தது எலும்பின் இந்தக் குணத்தை நம்பித்தான். கை முறிந்தவனைக் குணமாக்கிய பரம்பரைகள் நம்மிடம் உண்டு. தேய்ந்த முழங்காலை வளர்த்த பரம்பரை எங்கும் இல்லை.

எலும்பை வளர்ப்பது எது என்ற கேள்வியிலிருந்துதான் கலச் சிகிச்சையின் வரலாறு தொடங்குகிறது. லியோன் நகரின் லூயி ஒலியே, எலும்பைப் போர்த்தியிருக்கும் சவ்வுக்கே அந்த ஆற்றல் என்று 1867-ல் பெரிய நூலாக எழுதினார். 1869-ல் பிரெஞ்சுக்காரரான கூஜோன், எலும்பு மச்சையை எடுத்து உடலின் வேறோர் இடத்தில் வைத்தாலும் அங்கே எலும்பு உண்டாகிறது என்று விலங்குகளில் காட்டினார். மச்சைக்குள் என்ன இருக்கிறது என்பது அடுத்த நூறாண்டுகள் தெளிவாகவில்லை.

அதைத் தெளிவாக்கியவர் மொஸ்கோவில் வேலை செய்த அலெக்சாண்டர் ஃப்ரீடென்ஸ்டைன். 1960-களில் கமலேயா நிறுவனத்தில் அவரும் சகாக்களும், மச்சைக் கலங்களைச் சிறு பெட்டிகளில் அடைத்து விலங்கின் வயிற்றறைக்குள் வைத்தார்கள். பெட்டியின் துளைகள் வழியே சாறு போய்வரலாம். கலங்கள் போய்வர முடியாது. சில வாரங்களில் பெட்டிக்குள் எலும்பு. அதை உண்டாக்கியவை உள்ளே வைத்த கலங்கள்தான், விலங்கின் கலங்கள் அல்ல என்பது உறுதியாயிற்று. பிறகு கண்ணாடிக் குடுவைகளில் மச்சையை ஊற்றி, அடியில் ஒட்டிக்கொள்ளும் மிகச் சில கலங்களைக் கவனித்தார். 1970-ல் அவர் வெளியிட்ட கட்டுரை, ஒட்டிய கலம் ஒவ்வொன்றும் தனித்தனிக் குடியிருப்பாகப் பெருகுவதைக் காட்டியது. அப்படிப் பெருகியவற்றைத் திரும்ப விலங்கில் வைத்தபோது, எலும்பும் அதனுள் மச்சையறையும் கொண்ட குட்டி எலும்புகள் உருவாகின. எலும்பு கொடுத்தவரின் கலங்களால் ஆனது. அதற்குள் குடியேறிய இரத்தக் கலங்கள் பெற்றவருடையவை. வீட்டைக் கட்டுபவர் ஒருவர், குடியிருப்பவர் இன்னொருவர்.

பனிப்போர்க் காலத்தில் இந்த வேலை மேற்கே மெதுவாகத்தான் பரவியது. ஒக்ஸ்போர்டில் மொறீன் ஓவன் அவரோடு சேர்ந்து எழுதியவை அதற்கு உதவின. 1991-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஆர்னல்ட் கப்லன் இந்தக் கலங்களுக்கு 'மெசென்கைமல் ஸ்டெம் செல்' என்று பெயரிட்டார். தமிழ்ப் பத்திரிகைகள் ஸ்டெம் செல்லைக் குருத்தணு என்றன. மறுபடியும் குருத்து.

1999-ல் சயன்ஸ் இதழில் வந்த பிட்டெங்கர் குழுவின் ஆய்வு, ஒரே கலத்திலிருந்து பெருகிய கூட்டத்தை ஆய்வுகூடத்தில் எலும்பாகவும் குருத்தெலும்பாகவும் கொழுப்பாகவும் மாற்ற முடிந்ததைக் காட்டியது. பெயர் நிலைபெற்றது. ஆனால் இன்னொரு கணக்கையும் நினைவில் வைக்க வேண்டும்: மச்சையில் உள்ள கலங்கள் ஒரு லட்சத்தில், இப்படிப்பட்டவை ஒன்று முதல் பத்து வரைதான். போதிய அளவு வேண்டுமென்றால் வாரக்கணக்கில் வளர்த்துப் பெருக்க வேண்டும்.

எலும்பில் இந்த அறிவு நேராகப் பயன்பட்டது. பாரிஸை அடுத்த கிரெற்றேயில் பிலிப் எர்னிகூ, முறிந்து மாதக்கணக்காகியும் பொருந்தாத கீழ்க்கால் எலும்புகளுக்கு, நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த மச்சையைச் செறிவாக்கி ஊசியால் செலுத்தினார். 2005-ல் வெளியிட்ட முடிவுப்படி 60 பேரில் 53 பேருக்கு எலும்பு பொருந்தியது. பொருந்தாத ஏழு பேருக்கும் செலுத்தப்பட்ட மச்சையில் முன்னோடிக் கலங்கள் குறைவாக இருந்தன என்பதையும் அவர் எண்ணிக் காட்டினார். அதற்கு முன்பே, 2001-ல், இத்தாலியக் குழு ஒன்று, பல சென்றிமீற்றர் எலும்பை இழந்த மூன்று பேருக்கு, வளர்த்தெடுத்த கலங்களைச் சுண்ணாம்புக் கனிமச் சட்டத்தில் ஏற்றிப் பொருத்தியதை அறிவித்திருந்தது. தானே பொருந்தும் குணமுள்ள எலும்புக்குக் கொஞ்சம் கைகொடுத்தால் போதுமாக இருந்தது.

குருத்தெலும்புக்கு அது போதவில்லை. 1959-ல் பிறிஸ்டலில் கென்னத் பிரிடி, தேய்ந்த இடத்தின் அடியெலும்பில் துளைகள் போட்டு மச்சை இரத்தத்தைக் கசியவிட்டார். 1980-களில் றிச்சர்ட் ஸ்டெட்மன் அதை நுண்துளை முறையாகச் செம்மைப்படுத்தினார். கசிந்த இரத்தம் உறைந்து பள்ளத்தை நிரப்பியது உண்மைதான். ஆனால் அது பெரும்பாலும் தழும்பைப் போன்ற நார்க் குருத்தெலும்பு. காற்சட்டையில் பட்ட கிழிசலுக்குச் சாக்குத் துணியில் ஒட்டுப் போட்டதுபோல.

மச்சையை விட்டு, குருத்தெலும்புக் கலங்களையே பெருக்கினால் என்ன? அங்கே வேறொரு சிக்கல். தட்டையான பிளாஸ்ரிக் தட்டில் வளர்த்தால் அவை பெருகும். ஆனால் உருண்டை வடிவை இழந்து நீண்டு, சாதாரண நார்க் கலங்களைப்போல ஆகிவிடும். தொழிலை மறந்துபோகும். 1982-ல் பென்யாவும் ஷாஃபரும் அப்படி மறந்த கலங்களை, கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகரோஸ் களிக்குள் வைத்தார்கள். கலங்கள் திரும்ப உருண்டன. மறந்த கொலாஜனைத் திரும்ப உண்டாக்கின. சூழல் சரியானால் நினைவு திரும்பும் என்று தெரிந்தது. 1984-ல் சுவீடனைச் சேர்ந்த லார்ஸ் பீற்றர்சன், நியூயோர்க்கில் சகாக்களோடு முயல்களின் முழங்காலில் செய்த பரிசோதனையை அறிவித்தார்.

சுவீடனுக்குத் திரும்பியதும் பீற்றர்சன், அன்டர்ஸ் லின்டால், மற்ஸ் பிறிற்பேர்க் ஆகியோர் கொதென்பேர்க் நகரில் 1987-ல் முதன்முதலாக ஒரு மனிதருக்கு இதைச் செய்தார்கள். இரண்டு சத்திரசிகிச்சைகள். முதலாவதில் முழங்காலின் பாரம் விழாத விளிம்பிலிருந்து ஒரு கிராமிலும் குறைந்த குருத்தெலும்பைச் சுரண்டி எடுத்தார்கள். நொதியால் கரைத்துக் கலங்களைப் பிரித்து, நோயாளியின் சொந்தச் சீரத்தில் இரண்டு மூன்று வாரம் வளர்த்தார்கள். இரண்டாவதில் கீழ்க்காலெலும்பின் சவ்வில் ஒரு துண்டை வெட்டி, பள்ளத்தின் மேல் மூடிபோலத் தைத்து, அதனடியில் கலங்களைச் செலுத்தினார்கள்.

ஏழு ஆண்டுகள் பொறுத்திருந்து 1994-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் 23 நோயாளிகளின் முடிவை வெளியிட்டார்கள். தொடையெலும்பு முனையில் செய்துகொண்ட 16 பேரில் 14 பேர் இரண்டு ஆண்டுகளின் பின் நல்ல நிலையில் இருந்தார்கள். முழங்காற்சில்லில் செய்துகொண்ட ஏழு பேரில் இரண்டே பேர். வெற்றியையும் தோல்வியையும் ஒரே பக்கத்தில் எழுதினார்கள். நோயாளிகள் 14 முதல் 48 வயது வரையானவர்கள். விபத்தாலோ விளையாட்டாலோ ஓர் இடத்தில் மட்டும் பள்ளம் விழுந்தவர்கள். மூட்டு முழுதும் தேய்ந்த முதியவர்கள் எவரும் அந்தப் பட்டியலில் இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாதது அந்த ஆய்வின் குறை. இருந்தும் 1997-ல் அமெரிக்க அரசு கார்ட்டிசெல் என்ற பெயரில் அதற்கு அனுமதி கொடுத்தது. 2004-ல் நோர்வேயில் 80 பேரை இரண்டாகப் பிரித்து ஒப்பிட்டபோது, மலிவான நுண்துளை முறைக்கும் இதற்கும் இரண்டு ஆண்டுகளில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. பின்னர் கலங்களைக் கொலாஜன் விரிப்பில் ஏற்றி ஒட்டும் முறை வந்தது. 2014-ல் 144 பேரிடம் செய்த ஒப்பீட்டில், 3 சதுர சென்றிமீற்றருக்குக் குறையாத பள்ளங்களில் இது நுண்துளையை விஞ்சியது. 2016 டிசம்பரில் அமெரிக்கா அதை ஏற்றது. பிரித்தானியாவின் மருத்துவ மதிப்பீட்டு அமைப்பு, பல ஆண்டுத் தயக்கத்தின் பின், 2017-ல் சம்மதித்தது: பள்ளம் 2 சதுர சென்றிமீற்றருக்கு மேல் இருக்க வேண்டும், மூட்டுத் தேய்வு மிகக் குறைவாக இருக்க வேண்டும். கொதென்பேர்க்கிலிருந்து இந்த அனுமதி வரை 30 ஆண்டுகள்.

இதே காலத்தில் வேறு திசைகளிலும் வேலை நடந்தது. தென்கொரியா 2012-ல் தொப்புள்கொடி இரத்தத்திலிருந்து எடுத்த கலங்களுக்கு அனுமதி கொடுத்தது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகக் குழு 2010-ல் 72 பேரை ஒப்பிட்டு, மச்சைக் கலங்களும் குருத்தெலும்புக் கலங்களும் ஏறக்குறையச் சமமாகவே பயன் தந்ததாக எழுதியது. சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் மூக்கின் நடுச்சுவரிலிருந்து எடுத்த கலங்களை வளர்த்து முழங்காலில் வைத்தார்கள். முதல் பத்துப் பேரின் முடிவு 2016-ல் வந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தோடு சேர்ந்து, பிறவியிலேயே எலும்பு நொறுங்கும் நோயுள்ள குழந்தைகளுக்குக் கலச் சிகிச்சையைப் பரிசோதிக்கத் தொடங்கியது. இவை எல்லாவற்றுக்கும் பொதுவானது, யாருக்குச் செய்தோம், என்ன ஆயிற்று என்று எண்ணிச் சொல்லும் கடமை.

அந்தக் கடமை இல்லாமல் வளர்ந்தது இன்னொரு கிளை. நோயாளியின் மச்சையை அல்லது வயிற்றுக் கொழுப்பை எடுத்து, சுழற்றிப் பிரித்து, அன்றைக்கே முழங்காலில் ஏற்றிவிடும் கிளினிக்குகள். அன்றைக்கே ஏற்றுவதில் சட்டக் காரணமும் உண்டு. ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பெருக்கிய கலம் மருந்தாகும், மருந்துக்குரிய சோதனைகளைக் கடக்க வேண்டும் என்று கொலராடோ கிளினிக் ஒன்றின் வழக்கில் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் 2014-ல் தீர்ப்பளித்திருந்தது. வளர்க்காவிட்டால் மருந்தல்ல என்று வாதிடலாம். ஆனால் வளர்க்காவிட்டால் லட்சத்தில் ஒன்று முதல் பத்து என்ற கணக்கு அப்படியே நிற்கும். 2016-ல் லீ டேர்னரும் போல் நோப்ளரும் தேடியபோது அமெரிக்காவில் மட்டும் இப்படி ஸ்டெம் செல் விற்ற 570 கிளினிக்குகள் இருந்தன. நோயாளியின் சொந்தக் கலமானாலும் அது மருந்தே என்று கனடா சுகாதார அமைச்சு 2019-ல் அறிவித்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2017 வழிகாட்டலில், இரத்த நோய்களுக்கான மச்சை மாற்றுச் சிகிச்சை போன்றவை தவிர மற்றதெல்லாம் அனுமதி பெற்ற பரிசோதனைக்குள் மட்டுமே என்று வரையறுத்தது.

பெயர் வைத்த கப்லனே 2017-ல் பெயரை மாற்றுங்கள் என்று எழுதினார். உடலில் செலுத்தப்படும் இந்தக் கலங்கள் அங்கே தங்கிக் குருத்தெலும்பாக மாறுவதில்லை; சுற்றியுள்ள கலங்களுக்குச் செய்தி அனுப்பும் சுரப்புகளை வெளியிடுகின்றன, அவ்வளவே; குருத்து என்ற சொல்லைக் கொண்டு கிளினிக்குகள் மக்களை ஏமாற்றுகின்றன என்பது அவர் வாதம். பெயர் மாறவில்லை. துண்டுப்பிரசுரம் அடிப்பவர்களுக்குப் பழைய பெயர்தான் வசதி.

2023-ல் நேச்சர் மெடிசின் இதழில் பெரிய ஒப்பீடு ஒன்று வந்தது. முழங்கால் தேய்ந்த 475 பேரை நான்காகப் பிரித்தார்கள்: மச்சைச் செறிவு, கொழுப்புக் கலங்கள், தொப்புள்கொடிக் கலங்கள், வழமையான ஸ்ரெரொயிட் ஊசி. ஓராண்டு முடிவில் மூன்று கல ஊசிகளில் எதுவும் மலிவான ஸ்ரெரொயிட்டை விஞ்சவில்லை. எல்லாக் குழுவினரும் வலி கொஞ்சம் குறைந்ததாகச் சொன்னார்கள். பெரியம்மாவும் முதல் இரண்டு மாதம் அப்படித்தான் சொன்னார்.

எனக்கு மறக்கமுடியாத ஆய்வு ஒன்று மிச்சமிருக்கிறது. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்த வெளியில் அணுகுண்டுகளை வெடித்துப் பரிசோதித்தபோது, காற்றிலிருந்த காபன்-14 ஏறக்குறைய இரட்டிப்பானது. 1963 உடன்படிக்கைக்குப் பின் அது ஆண்டுதோறும் குறைந்துவந்தது. காற்றிலிருந்து பயிருக்கு, பயிரிலிருந்து நமக்கு வரும் அந்தக் காபனை அளந்தால், உடலின் ஒரு பகுதி எந்த ஆண்டில் உருவானது என்று கணிக்கலாம். கோப்பன்ஹேகனில் கத்யா ஹைனமையரும் சகாக்களும் 2016-ல் முழங்கால்களை அப்படி அளந்தார்கள். குருத்தெலும்பின் கொலாஜன் பிள்ளைப் பருவத்திலும் பதின்வயதிலும் உருவானது. அதற்குப் பிறகு ஏறக்குறையப் புதுப்பிக்கப்படவே இல்லை. தேய்ந்த மூட்டிலும் அப்படியே. ஹன்டர் கண்ணால் கண்டு சொன்னதை அணுகுண்டின் காபன் ஆண்டுக்கணக்கோடு உறுதிசெய்தது.

பெரியம்மாவிடம் இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். படித்தவர்கள் பொய் சொல்லவில்லை, வேறு யாருக்கோ சொன்னதை உங்களுக்கு விற்றுவிட்டார்கள் என்றேன். இருபது வயதுக் காற்பந்தாட்டக்காரனின் ஒரு பள்ளத்தை நிரப்பலாம். எழுபது வயது முழங்காலை முழுதாகப் போர்த்த இன்னும் யாராலும் முடியவில்லை. தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சி, கொஞ்சம் எடைக் குறைப்பு, முடியாமற் போனால் மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை: பழைய வழிகள்தான், ஆனால் கணக்குக் காட்டிய வழிகள். காசைத் திருப்பிக் கேட்டு எழுத உதவுகிறேன் என்றும் சொன்னேன்.

காபன் கதையை மட்டும் அவர் திரும்பக் கேட்டார். 38 வயதில் ஊரைவிட்டு வந்தவர். அவருடைய முழங்காலில் இருப்பது 1953-க்கும் 1970-க்கும் இடையில், அந்த மண்ணில் விளைந்த சோற்றிலும் ஒடியற் கூழிலும் உருவானது. இங்கே உண்ட 34 வருடச் சாப்பாட்டில் அதன் நாருக்கு ஒன்றும் சேரவில்லை.

"அப்ப இது ஊர்ச் சாமான் எண்டு சொல்லு" என்றார். பிறகு முழங்காலைக் கையால் மூடிக்கொண்டு, பயிற்சிக்கு எந்த நாளில் போக வேண்டும் என்று கேட்டார்.